அண்ணனை முதலில் கேள்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு ‘முள் டீச்சர்’ என்று பெயர் விழுந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குணத்தால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். குணத்திலும் கொஞ்சம் முள் உண்டுதான். இல்லை என்று சொன்னால் அவளிடம் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் பெயர் வந்தது கடிகார முள்ளால். குழந்தைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பு டீச்சரே, “உங்க கிளாஸ்லேருந்து வர்ற பசங்க என் கடிகாரத்தைப் பாத்து, ‘டீச்சர், ரெண்டு நிமிஷம் ஸ்லோ’ன்னு எனக்கே சொல்லுதுங்க” என்று அலுத்துக்கொள்வாள்.

அவளிடம் இருந்த சாமான் ஒன்றும் பெரிதில்லை. செருப்பு டப்பா மூடியை வட்டமாக வெட்டி, எண்களை எழுதி, நடுவில் ஒரு பின் குத்திய அட்டைக் கடிகாரம். அதில் கறுப்பில் ஒரு குட்டை முள், சிவப்பில் ஒரு நெட்டை முள். குழந்தைகள் தவறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: எந்த முள் எது என்று மாற்றிவிடும். அதற்கு அவள் ஒரு கதை வைத்திருந்தாள்.

“குட்டையா இருக்கானே, இவன் அண்ணன். நெட்டையா இருக்கானே, இவன் தம்பி. அண்ணனுக்கு எதுலயும் அவசரமே கிடையாது. ஒரு நம்பர்லேருந்து அடுத்த நம்பருக்குப் போக ஒரு மணி நேரம் எடுத்துப்பான். அதுக்குள்ள தம்பி ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவான். மணி என்னன்னு யாரை முதல்ல கேக்கணும்?”

“அண்ணனை!”

“ஏன்?”

“அவன்தான் பெரியவன்!”

வருடத்துக்கு ஒரு குழந்தையாவது எழுந்து, “அப்ப ஏன் டீச்சர் அண்ணன் குட்டையா இருக்கான்?” என்று கேட்கும். “சோறு ஒழுங்கா சாப்பிடல, அதான்” என்பாள். வகுப்பே சிரிக்கும். கதை அதோடு மனதில் நின்றுவிடும். தம்பியை முதலில் கேட்டால் என்ன ஆகும் என்றும் காட்டுவாள். நாலு மணியை வைத்துவிட்டுத் தம்பியை முதலில் கேட்டால் அது பன்னிரண்டு இருபது ஆகிவிடும். பன்னிரண்டு இருபது, நாலு மணி ஆகிவிடும். “மத்தியானம் சாப்பிட உக்காரும்போது பையை மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவே” என்பாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. மனப்பாடம். சில அப்பாக்கள் புத்தகத்தில் இருக்கும் கடிகாரப் படத்தையெல்லாம் வரிசையாக உருப்போட வைத்து அனுப்புவார்கள். அவள் முள்ளை ஒரு நூல் அளவு நகர்த்துவாள், குழந்தை திருதிருவென்று முழிக்கும். “உருப்போட்ட பிள்ளையைக் கண்ணைப் பாத்தே சொல்லிடலாம். கடிகாரத்தைப் பாக்காது, கூரையைப் பாக்கும்” என்று அந்த அப்பாக்களையே கூப்பிட்டு வைத்துத் திட்டியிருக்கிறாள்.

அவள் கணவர் அதே பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். வயது அறுபத்தொன்று. பிள்ளைகளுக்கு ‘வேன் மாமா’. மொத்தம் பதினாறு குழந்தைகள். யார் வீட்டில் எந்த வாசல், யார் செருப்பை மறப்பார்கள், யாருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று எல்லாம் அத்துப்படி. பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வண்டி பிந்தியதில்லை. தெருவில் வேன் திரும்பும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைக்கும் வீடுகள் இருந்தன.

அப்படிப்பட்ட மனிதர் கையில் வாட்சைக் கட்டிக்கொண்டு, “மணி என்னம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் கண் என்று நினைத்தாள். கண்ணாடி மாற்றினார்கள். புதுக் கண்ணாடியில் பேப்பரைக் கடைசி வரி வரை படித்தார். அப்புறமும் வாட்சைப் பார்த்துவிட்டு, “மணி என்னம்மா?” என்றார். டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம், வேறென்ன.

வருடா வருடம் வேன் ஓட்டுபவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம், அவ்வளவுதான். அந்த வருடம் இருந்தது புது டாக்டரம்மா, சின்ன வயது. அறுபது தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் பார்ப்பேன் என்றாள். வட்டம் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, “சார், இதுல கடிகாரம் மாதிரி நம்பரெல்லாம் எழுதி, பதினொன்னு பத்துன்னு முள்ளு போடுங்க” என்றாள்.

“இதென்னம்மா, என்னை எங்க வீட்டுக்காரம்மா கிளாஸ்ல உக்கார வச்சுட்டீங்களே” என்று சிரித்தபடி பேனாவை வாங்கினார்.

டீச்சர் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவர் எழுத எழுத அவள் தாளையே பார்த்தாள். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதிக்குள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி. பதினொன்றுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு கோடு, இரண்டும் ஒரே நீளம். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் இந்தப் படத்தை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஏழு வயதுக் கை வரைந்தால் கன்னத்தில் தட்டிச் சிரிக்கலாம். இதை என்ன செய்வது?

டாக்டரம்மா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தூக்கம் சரியில்லைன்னாலும் இப்படி வரும். ரெண்டு வாரம் கழிச்சு ஒருதடவை வாங்க. அப்ப பாத்துட்டு எழுதறேன்” என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள். அந்தத் தன்மைதான் டீச்சரை இன்னும் கலக்கியது.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“இந்தச் சாவியை வாங்கிட்டா நான் யாரும்மா? காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன்?” என்றார்.

“யாரும் வாங்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல” என்றாள் டீச்சர்.

இருபத்திரண்டு வருடம் ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், கட்டின புருஷனுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டாளா? அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் அட்டைக் கடிகாரத்தை வைத்தாள். அண்ணன், தம்பி கதையைச் சொன்னாள். அவரும் ரசித்துக் கேட்டார். “அண்ணன் ஏன் குட்டை?” என்று கேட்டுச் சிரித்தார். முள்ளைத் திருப்பிக் காட்டினால் தம்பியை முதலில் கேட்டார். திருத்தினாள். தலையை ஆட்டினார். அடுத்த தடவையும் தம்பியைத்தான் கேட்டார். எட்டு நாள். அவள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீராகப் போயிற்று.

ஒன்பதாவது நாள் அவள் அட்டைக் கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வட்டம் போட்டாள்.

“சொல்லுங்க. மேல பன்னெண்டு, கீழ ஆறு. வலது மூணு, இடது ஒன்பது. நடுவுல ரெண்டு ரெண்டா நிரப்பணும். பதினொன்னுக்குக் குட்டைக் கோடு, ரெண்டுக்கு நெட்டைக் கோடு.”

“ரெண்டுக்கு ஏன்?”

“ஏன்னெல்லாம் கேக்காதீங்க. சொல்றதை வரைங்க.”

இதைச் சொன்னது யார் தெரிகிறதா? மனப்பாடம் என்றால் அப்பாக்களைக் கூப்பிட்டுக் கிழித்தவள். வாயில் வந்த பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு இருபது தாள். அவர் பல் தேய்க்கும்போது, சட்டை மாட்டும்போது, “மேல பன்னெண்டு, கீழ ஆறு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் போனார்கள். டாக்டரம்மா அதே மாதிரி ஒரு தாளை எடுத்தாள், அதே பதினொன்று பத்தைச் சொன்னாள். அவர் ஒரு முறை கூரையைப் பார்த்தார். அப்புறம் கிடுகிடுவென்று வரைந்தார். அச்சடித்தது போல வந்தது.

“அட, அன்னைக்கு ஏதோ அசதிதான் போல” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள் டாக்டரம்மா.

வெளியே வராந்தாவில் வேன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. “பாத்தியா, பாஸ்!” என்று அவள் தோளைத் தட்டினார். பிறகு கையில் இருந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைக்கு மேல் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அண்ணாந்து பார்த்தார்.

“மணி என்னம்மா?” என்றார்.

அடுத்த நாளிலிருந்து டீச்சர் நடந்து போவதை விட்டுவிட்டு வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாதையைப் பார்ப்பாள். “இங்க இடது பக்கம்ங்க” என்பாள், அவருக்குத் தெரியாததைச் சொல்வது போலக் காட்டாமல், பேச்சோடு பேச்சாக. மாலையில் மூன்றே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் செய்து, “கிளம்பியாச்சா?” என்பாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேனே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு நாள் பச்சை விளக்கு எரிய எரிய அவர் வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துப் பிளந்தன. “போங்க, போங்க” என்றாள் அவள்.

“பச்சைன்னா போகணும்தான டீச்சர்? மாமா ஏன் போகல?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது ‘கேள்விக்குறி’. அவள் வகுப்புப் பெண் குழந்தை. கேள்வி கேட்காமல் மூச்சுவிடாது என்பதால் டீச்சரே வைத்த பெயர். வகுப்பிலேயே முதலில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டதும் அதுதான்.

“மாமா யோசிச்சிட்டு இருந்தாரு” என்றாள் டீச்சர்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் மத்தியானம் குழந்தைகள் கை கழுவப் போக வரிசையில் நின்றபோது வாசலில் வேன் ஹாரன் கேட்டது. அவருடைய ஹாரன்தான், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரும்பலகைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். குட்டை முள் பன்னிரண்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. நெட்டை முள் நாலில் நின்றது.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. மாடிப்படியை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்கம்மா பசங்க? மணி நாலாச்சே?”

“வீட்டுக்குப் போங்க” என்றாள் அடிக்குரலில். “நான் அப்புறம் சொல்றேன். இப்பப் போங்க.”

அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். “என்ன டீச்சர், வேன் இப்பவே வந்திருக்கு?”

“நான்தான் மேடம் வரச் சொன்னேன். தலைவலி. மாத்திரை கொண்டு வரச் சொன்னேன்.”

“அட, என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்று அவர் தன் மேஜையிலிருந்து மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்து கொடுத்தார். இல்லாத தலைவலிக்கு டீச்சர் அந்த மாத்திரையை விழுங்கினாள்.

வகுப்புக்குத் திரும்பினால் குழந்தைகள் ஜன்னலில் ஈ மொய்ப்பது போல மொய்த்துக்கொண்டிருந்தன. கேள்விக்குறி மட்டும் கடிகாரத்துக்குக் கீழே நின்றது. முகமெல்லாம் சிரிப்பு, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

“டீச்சர், டீச்சர்! வேன் மாமா தம்பியை முதல்ல கேட்டுட்டாரு! அதான் நாலு மணின்னு நினைச்சுட்டாரு!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“தப்பு!” என்று கத்தினாள் டீச்சர். “வாயை மூடிட்டு உக்காரு. பெரியவங்களைப் பத்தி என்ன பேச்சு இது? தப்பு, நீ சொன்னது தப்பு!”

சிரிப்பு பட்டென்று நின்றது. குழந்தையின் முகம் சுருங்கிப்போயிற்று. சரியான விடை சொன்ன குழந்தையைத் தப்பு என்று டீச்சர் உட்கார வைத்தது அந்த இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தினாள். ஆறு கடிகாரப் படம், கீழே மணி எழுத வேண்டும். கேள்விக்குறியின் நோட்டைக் கடைசியில்தான் எடுத்தாள். ஆறும் தப்பு. ஏனோதானோவென்று வந்த தப்பு இல்லை. ஆறிலும் சொல்லிவைத்தது போல மணியும் நிமிஷமும் இடம் மாறியிருந்தன.

பக்கத்தில் கூப்பிட்டாள். “இதென்ன பாப்பா? உனக்குத்தான் நல்லா வருமே?”

குழந்தை தரையைப் பார்த்தது. “நீங்கதான டீச்சர் தப்புன்னு சொன்னீங்க?”

“எதை?”

“வேன் மாமா தம்பியை முதல்ல கேட்டாருன்னு சொன்னேன்ல. அது தப்புன்னீங்க. அப்ப மாமா பாத்ததுதான சரி? அப்ப தம்பியைத்தான முதல்ல கேக்கணும்?” என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி நின்று, “அண்ணனைக் கேட்டா நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன்” என்றது.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து அந்தக் குழந்தையைக் கரும்பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். முப்பது ஜோடிக் கண்களும் அவளையே பார்த்தன.

“நேத்து இந்தப் பாப்பா சொன்னதுதான் சரி” என்றாள். “வேன் மாமா மாத்திப் பாத்துட்டாரு. அவருக்கு உடம்பு சரியில்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் பொய் சொன்னேன். தப்பு பண்ணினது டீச்சர்.”

“பெரியவங்க தப்பு பண்ணுவாங்களா டீச்சர்?” என்று கேட்டது கேள்விக்குறி.

“பண்ணுவாங்க” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. குழந்தைகள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தன.

மத்தியானம் தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். முதல் தாள், இருபது இருபது தாளாக உருப்போட வைத்தது, பச்சை விளக்கு, இல்லாத தலைவலி எல்லாம். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“பதினாறு குழந்தைங்க டீச்சர்! அதுல ஒண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

தலைமையாசிரியை போனைக் கையில் எடுத்தார்.

“நான் டாக்டருக்கும் வீடுகளுக்கும் போன் பண்றேன். நீங்க இப்பவே வீட்டுக்குப் போங்க. வண்டியை எடுக்க விடாதீங்க” என்றார்.

ஓட்டமும் நடையுமாகப் போனாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, கையில் சாவியோடு சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நின்றார். முந்தின நாள் பட்ட அவமானம் உள்ளே இருந்திருக்கும் போல. இன்றைக்கு எப்படியாவது சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

“மேல பன்னெண்டு, கீழ ஆறு. வலது மூணு, இடது ஒன்பது. பதினொன்னுக்குக் குட்டைக் கோடு, ரெண்டுக்கு நெட்டைக் கோடு” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, இந்நேரத்துல?”

“இனிமே வேன் வேணாங்க” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

“டாக்டரம்மா கையெழுத்துப் போட்டாங்களே! பாஸ்னு சொன்னாங்களே!”

“நான் உருப்போட வச்சதை நீங்க எழுதினீங்க. அது பாஸ் இல்லைங்க.”

அவர் முகம் சிவந்தது. “அப்ப எதுக்கு எழுத வச்ச? ரெண்டு வாரம் குழந்தை மாதிரி என்னை உக்கார வச்சு எதுக்கு எழுத வச்ச? முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேனே!”

“உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.”

அவர் சாவியை மேஜையில் வீசினார். அது சறுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு குரல் தணிந்து கேட்டார்:

“எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆச்சா?”

“இல்லைங்க.”

“ஆகலையே? நிஜமா?”

“நிஜமா ஆகல.”

அவர் குனிந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். “கடைசி வீட்டுப் பாப்பாவைப் பின்சீட்டுல உக்கார வைக்கக் கூடாது. வாந்தி வந்துடும். புதுசா வர்ற ஆள்கிட்ட சொல்லிடு” என்றார்.

“சொல்றேன்.”

கையிலிருந்து வாட்சையும் கழற்றினார். அதையும் அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “இதுவும் உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே நான் உன்னைக் கேட்டுக்கறேன்.”

டீச்சர் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவர் வந்து படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மணி என்னம்மா?” என்றார்.

“மூணு பத்துங்க.”

தலையை ஆட்டினார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். அவள் வாட்சைப் பார்த்தாள்.

“மூணு பதினொன்னு” என்றாள்.